கடல் கடந்து வந்தவை: கண்டங்களுக்கு இடையேயான முதல் தொடர்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருங்கடல்களைத் தாண்டி மனிதர்கள் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டபோது என்ன நடந்தது என்று கேட்பவர்கள், பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். ஒன்று, வீரப் பயணக் கதை. மற்றது, "நோய் வந்தது, எல்லோரும் இறந்துபோனார்கள்" என்ற ஒற்றை வரி. இரண்டும் எனக்குப் போதவில்லை. விதைகளும் விலங்குகளும் கப்பலேறிப் போயின. ஆனால் அவற்றோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து பழகியவர்களின் அறிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளப் பெரும்பாலும் யாரும் நிற்கவில்லை. பின்னால் வந்த துன்பங்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. கீழே உள்ள பதில்களில் இந்த எண்ணம் அடிக்கடி தலைகாட்டும்.

கொலம்பஸுக்கு முன் யாருமே பெருங்கடலைத் தாண்டவில்லையா?

தாண்டினார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வடமுனையில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற இடம் இருக்கிறது. கிரீன்லாந்திலிருந்து வந்த நார்ஸ் (வைக்கிங்) மக்கள் அங்கே வீடு கட்டித் தங்கியிருந்தார்கள். அங்கே கிடைத்த மரத்துண்டுகள் 1021ஆம் ஆண்டில் இரும்புக் கருவியால் வெட்டப்பட்டவை என்று 2021இல் உறுதியாயிற்று. 993இல் வீசிய சூரியப் புயல் ஒன்று உலகெங்கும் மரங்களின் ஆண்டு வளையத்தில் தடம் விட்டுச் சென்றிருக்கிறது. அந்த வளையத்திலிருந்து பட்டை வரை எண்ணிப் பார்த்துத்தான் ஆண்டைக் கண்டுபிடித்தார்கள்.

பசிபிக்கில் நடந்தது இதைவிட வியப்பானது. ஐரோப்பியக் கப்பல் எதுவும் அந்தக் கடலுக்கு வருவதற்கு முன்பே, தென் அமெரிக்காவின் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பொலினீசியத் தீவுகளில் விளைந்துகொண்டிருந்தது. அங்கே அதன் பெயர் குமாரா. ஆண்டீஸ் மலைப்பகுதியின் சில மொழிகளிலும் இதை ஒத்த பெயர் உண்டு. கிழங்கு தானாகவே கடலில் மிதந்து வந்திருக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வு, ஏறத்தாழ 1200ஆம் ஆண்டை ஒட்டிப் பொலினீசியரும் இன்றைய கொலம்பியப் பகுதியைச் சேர்ந்த மக்களும் கலந்ததைக் காட்டியது. கிழங்கு மிதந்து வந்திருக்கலாம். மனிதர்கள் படகில்தான் வந்திருப்பார்கள்.

மடகாஸ்கரையும் விட்டுவிட முடியாது. ஆப்பிரிக்கக் கரைக்கு அருகில் இருக்கும் அந்தத் தீவில் பேசப்படும் மலகாசி மொழிக்கு மிக நெருங்கிய உறவு மொழி, இந்தியப் பெருங்கடலின் மறுகோடியில் உள்ள போர்னியோவில் இருக்கிறது.

அப்படியானால் 1492 மட்டும் ஏன் இவ்வளவு பெரிய திருப்பம்?

திரும்பி வந்ததால்தான். நார்ஸ் மக்கள் எண்ணிக்கையில் குறைவு. அவர்கள் புறப்பட்டு வந்த கிரீன்லாந்துக் குடியிருப்பே சில ஆயிரம் பேரைத் தாண்டாதது. வந்தார்கள், மரம் வெட்டினார்கள், போய்விட்டார்கள். கொலம்பஸ் 1492 அக்டோபர் 12 அன்று பஹாமா தீவுகளில் இறங்கினார். மறு ஆண்டே 17 கப்பல்களில் 1,200க்கும் மேற்பட்டவர்களோடு திரும்பினார். கப்பல்களில் குதிரை, மாடு, பன்றி, ஆடு, கோதுமை விதை, கரும்புத் துண்டு எல்லாம் இருந்தன. வெறும் பயணிகள் அவற்றைச் சுமந்து வர மாட்டார்கள். குடியேற வருபவர்கள்தான் சுமந்து வருவார்கள். அதன் பிறகு கப்பல்கள் நிற்கவே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. செய்யவேண்டியதை எல்லாம் அவர்கள் ஏற்கெனவே ஓர் இடத்தில் ஒத்திகை பார்த்திருந்தார்கள்.

ஒத்திகையா? எங்கே?

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள அட்லாண்டிக் தீவுகளில். பலரும் தாண்டிப் போய்விடும் பகுதி இது. என்னைப் பொறுத்தவரை முழுக்கதையின் சிறு வடிவமும் இங்கேயே இருக்கிறது.

1420ஆம் ஆண்டை ஒட்டிப் போர்த்துகீசியர்கள் போர்த்தோ சாந்தோ என்ற ஆளில்லாத் தீவில் குடியேறினார்கள். பர்த்தலோமேயு பெரெஸ்த்ரெல்லோ என்பவர் அங்கே ஒரு பெண் முயலைக் கொண்டுவந்தார். வழியில் கப்பலிலேயே அது குட்டி போட்டிருந்தது. நல்ல சகுனம் என்று மகிழ்ந்து, தாயையும் குட்டிகளையும் தீவில் விட்டார்கள். அங்கே நரி இல்லை, கீரி இல்லை, முயலைப் பிடிக்கும் விலங்கு எதுவுமே இல்லை. ஓரிரு ஆண்டுகளில், விதைத்த பயிர் முளைத்து வருவதற்குள் முயல்கள் தின்று தீர்த்தன. கொல்லக் கொல்லப் பெருகின. கடைசியில் குடியேறியவர்கள் தீவை விட்டுவிட்டுப் பக்கத்து மதேய்ராவுக்குப் போனார்கள். ஒரு தாய் முயலும் அதன் குட்டிகளும் மனிதர்களை ஒரு தீவிலிருந்து விரட்டிவிட்டன. இந்தப் பெரெஸ்த்ரெல்லோவின் மகளைத்தான் பின்னாளில் கொலம்பஸ் மணந்தார். முயல் கதை அந்தக் குடும்பத்துக் கதை. ஆனாலும் 1493இல் கப்பலில் விலங்குகளை ஏற்றும்போது யாரும் தயங்கியதாகத் தெரியவில்லை.

மதேய்ரா என்றால் போர்த்துகீசிய மொழியில் மரம் என்று பொருள். அவ்வளவு அடர்ந்த காடு. அதை எரித்தும் வெட்டியும் கரும்பு நட்டார்கள். கரும்புச் சாற்றைக் காய்ச்ச மேலும் மரம் வெட்டினார்கள். வேலை செய்ய கானரித் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். கானரித் தீவுகளின் பூர்வகுடிகளான குவாஞ்சே மக்கள் 1402 முதல் 1496 வரை எதிர்த்து நின்று, போராலும் நோயாலும் அடிமைப்பிடிப்பாலும் ஒரு சமூகமாகவே அழிந்தார்கள். அந்நியத் தாவரம், அழிந்த காடு, பிடித்து வந்த உழைப்பாளி, தூரச் சந்தை: கரீபியத் தீவுகளிலும் பிரேசிலிலும் பின்னர் பெரிய அளவில் நடந்த எல்லாமே இந்தச் சிறு தீவுகளில் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தன.

அமெரிக்கப் பூர்வகுடிகள் அழிந்ததற்கு நோய்தானே காரணம்?

நோய் மிகப் பெரிய காரணம்தான். தனிக் காரணம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஹிஸ்பானியோலா தீவைப் பாருங்கள். இன்று ஹைதியும் டொமினிகன் குடியரசும் இருக்கும் தீவு அது. அங்கே பெரியம்மை பரவியதற்கான முதல் உறுதியான பதிவு 1518 டிசம்பரிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1514இல், வேலைக்குப் பங்கிடுவதற்காகத் தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்களைக் கணக்கெடுத்தபோதே சுமார் 26,000 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். தொடக்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதில் அறிஞர்களிடையே பெரும் வேறுபாடு உண்டு. ஆனால் மிகக் குறைந்த மதிப்பீடே இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இடையில் என்ன நடந்தது? 1495 முதல், தங்கம் கிடைத்த பகுதிகளில் 14 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் சிறுமணி ஒன்று நிறையத் தங்கத்தூள் கொண்டுவர வேண்டும் என்று விதித்தார்கள். கட்டை விரல் அளவு மணிதான். ஆனால் ஆற்றுமணலைச் சலித்து அதை நிரப்ப வேண்டும். ஆற்றில் நாள் முழுக்க நிற்பவன் மரவள்ளித் தோட்டத்தை எப்போது கவனிப்பான்? தோட்டம் பாழானது. பசி வந்தது. பசித்த உடம்பில் எந்தக் காய்ச்சலும் எளிதாகத் தங்கிவிடும். 1511 டிசம்பரில் அந்தோனியோ த மொந்தெசினோஸ் என்ற துறவி, இவர்கள் மனிதர்கள் இல்லையா என்று அதே தீவில் தேவாலய மேடையில் நின்று ஸ்பானியர்களைக் கேட்டார். நோயைப் பற்றி அவர் கேட்கவில்லை. வேலை வாங்கிய முறையைப் பற்றிக் கேட்டார்.

மெக்சிகோவில் 1520இல் பெரியம்மை நுழைந்தது. ஆஸ்டெக் அரசர் கித்லாவாக் அதில் இறந்தார். தலைநகர் தெனோச்தித்லான் 1521 ஆகஸ்ட் 13இல் வீழ்ந்தது. அந்தக் கொள்ளைநோயைப் பற்றி நாவா என்ற மெக்சிகோப் பூர்வகுடி முதியவர்கள் சொன்னதை பெர்னார்தினோ த சாஹகுன் என்ற துறவி தொகுத்திருக்கிறார். உடம்பெங்கும் கொப்புளம் எழும்பிப் புரண்டுகூடப் படுக்க முடியாமல் கிடந்தார்கள் என்றும், கவனிக்க ஆளில்லாமல் பசியாலேயே பலர் இறந்தார்கள் என்றும் அதில் இருக்கிறது. ஒரு வீட்டில் எல்லோரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால், பிழைக்கக்கூடியவனுக்கும் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. எண்ணிக்கைகளைவிட இந்த ஒரு வரிதான் எனக்கு அதிகம் உணர்த்துகிறது.

பெருவில் ஸ்பானியர்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே இன்கா பேரரசர் வைனா காபாக் இறந்துவிட்டார். கொள்ளைநோய் என்பதே பெரும்பாலோர் கருத்து. அவருடைய மகன்கள் இருவரும் அரியணைக்காகப் போரிட்டு நாட்டை இரண்டாக்கினார்கள். 1532 நவம்பரில் ஸ்பானியத் தளபதி பிசாரோ 168 பேரோடு பெருவின் காஹமார்கா நகருக்குள் நுழைந்தபோது சந்தித்தது அந்தப் பிளவுபட்ட பேரரசைத்தான்.

ஏன் ஒரு திசையில் மட்டும் நோய் போயிற்று?

ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்காவில் மக்கள் மாடு, ஆடு, பன்றி, கோழிகளுடன் ஒரே கூரைக்குக் கீழ் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்தார்கள். கூட்டநோய்கள் பல அங்கே உருவாகி, நகரங்களில் நிலைத்தன. குழந்தையிலேயே வந்து போய்விடுவதால் பெரியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தது. அமெரிக்காவில் வீட்டு விலங்குகள் குறைவு. லாமா, அல்பாக்கா, நாய், வான்கோழி, சீமைப்பெருச்சாளி போன்றவைதான்.

முழுக்க ஒரே திசை என்றும் சொல்ல முடியாது. 1495இல் நேப்பிள்ஸைக் கைப்பற்றிய பிரெஞ்சுப் படையில் சிஃபிலிஸ் கொடூரமாக வெடித்தது. அது அமெரிக்காவிலிருந்து வந்தது என்ற வாதத்துக்குப் பழைய எலும்புகளின் மரபணு ஆய்வுகள் அண்மையில் வலுச் சேர்த்திருக்கின்றன. விவாதம் இன்னும் ஓயவில்லை. இத்தாலியர்கள் அதைப் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர்கள் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். தமிழில் பறங்கிப் புண் என்ற பெயர் நின்றது. எந்த மொழியைப் பார்த்தாலும் நோய்க்கு அடுத்தவர் பெயர்தான்.

இவ்வளவு பேர் இறந்தது பூமியின் தட்பவெப்பத்தையே மாற்றியது என்கிறார்களே?

2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு அப்படிச் சொல்கிறது. அதன் கணக்கில் 1492இல் அமெரிக்கக் கண்டங்களில் சுமார் 6 கோடிப் பேர் வாழ்ந்தார்கள். 1600க்குள் ஏறத்தாழ 90 விழுக்காடு மக்கள் போய்விட்டார்கள். அவர்கள் உழுதுவந்த சுமார் 5.6 கோடி ஹெக்டேர் நிலத்தில் காடு மீண்டும் வளர்ந்து காற்றிலிருந்த கரியமில வாயுவை இழுத்துக்கொண்டது. அன்டார்க்டிகப் பனிக்கட்டியில் அடைபட்ட காற்றுக் குமிழிகளில் 1610 வாக்கில் அந்த வாயு குறைந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. அந்தச் சரிவில் எவ்வளவு இந்தக் காடுகளால் நேர்ந்தது, எவ்வளவு இயற்கையான ஏற்ற இறக்கம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அமேசானின் ஏரிப் படிவுகளில் உள்ள மகரந்தத்தை ஆராய்ந்த சிலர், பல இடங்களில் காடு அதற்கு முன்பே மீளத் தொடங்கியிருந்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

எண்ணிக்கை எப்படித் திருத்தப்பட்டாலும் ஒன்று நிச்சயம். ஐரோப்பியர்கள் பின்னாளில் "கன்னிக்காடு" என்று வியந்து எழுதிய காடுகளில் பல, ஒருகாலத்தில் யாரோ ஒருவரின் வயலாக இருந்தவை.

மக்காச்சோளம் உலகத்தின் பசியைப் போக்கியது. அதில் என்ன குறை?

மக்காச்சோளத்தில் ஒரு குறையும் இல்லை. மெக்சிகோவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தெயோசின்தே என்ற காட்டுப் புல்லிலிருந்து மக்கள் பொறுக்கியெடுத்து உருவாக்கிய பயிர் அது. புல்லின் விதை சில மணிகள்தான், அதுவும் கல்போன்ற ஓட்டுக்குள். அதைக் கை நீளக் கதிராக மாற்றியவர்களைப் போல் பயிர்ப் பெருக்கம் தெரிந்தவர்கள் வரலாற்றில் அதிகம் இல்லை.

சமைக்கும் விதத்தையும் அவர்களே கண்டார்கள். உலர்ந்த மணிகளைச் சுண்ணாம்போ மரச்சாம்பலோ கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் மணி பருத்து மஞ்சளித்திருக்கும். கையால் தேய்த்தாலே மேல்தோல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நன்றாக அலசி, மெத்தாத்தே என்ற அம்மி போன்ற கல்லில் ஈரமாகவே அரைப்பார்கள். அந்த மாவு ஒட்டும்; தட்டையாகத் தட்டிச் சுடலாம். வெறும் மக்காச்சோள மாவில் அது வராது. கண்ணுக்குத் தெரியாத பயன் ஒன்றும் இருக்கிறது. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்பு அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடுகிறது.

கப்பலில் மணி போயிற்று, சுண்ணாம்பு போகவில்லை. ஸ்பெயினிலும் இத்தாலியிலும் ஏழைகள் வெறும் மக்காச்சோள மாவைக் கஞ்சியாகவோ களியாகவோ காய்ச்சி, பிறிதொன்றுமில்லாமல் மாதக்கணக்கில் உண்டார்கள். 1735இல் காஸ்பார் கசால் என்ற மருத்துவர், ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதி ஏழைகளிடம் ஒரு புது நோயைப் பார்த்தார். வெயில்பட்ட தோல் சிவந்து வெடித்து உரியும். கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் தடம் விழும். பிறகு வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், சாவு. இத்தாலியர்கள் அதைப் பெலாக்ரா என்றார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் லட்சக்கணக்கானோரை அது தாக்கியது. கெட்டுப்போன சோளம் என்றார்கள், தொற்றுநோய் என்றார்கள். உணவுக் குறைபாடுதான் என்று ஜோசப் கோல்ட்பெர்கர் 1914 முதல் போராடி நிறுவினார். நியாசின்தான் மருந்து என்பது 1937இல் தெரிந்தது. மெக்சிகோவில் ஒரு கிழவியிடம் "ஏன் சுண்ணாம்பு போடுகிறீர்கள்?" என்று 16ஆம் நூற்றாண்டிலேயே யாராவது கேட்டு, பதிலை மதித்து, அப்படியே செய்திருந்தால் இத்தனை பேர் இறந்திருக்க மாட்டார்கள். இதை எழுதும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இப்படி வேறு பயிர்களுக்கும் நேர்ந்ததா?

மரவள்ளிக்குத் தெளிவாக நேர்ந்தது. கசப்பு மரவள்ளியில் சயனைடைத் தரும் நஞ்சு இருக்கிறது. அமேசான் மக்கள் கிழங்கைத் துருவி, திப்பித்தி என்ற பின்னப்பட்ட நீண்ட குழலுக்குள் திணித்துக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடியில் பாரத்தைக் கட்டி இழுத்தால் குழல் நீண்டு ஒடுங்கும்; நஞ்சுச்சாறு பிழிந்து வடியும். பிறகு துருவலை வறுப்பார்கள். போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் மரவள்ளி ஆப்பிரிக்கா போனது. வறட்சியைத் தாங்கும், மண்ணுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும் என்பதால் வேகமாகப் பரவியது. ஆப்பிரிக்கர்கள் ஊறவைத்துப் புளிக்கவிட்டும் காயவைத்தும் தங்கள் வழியில் நஞ்சு நீக்கக் கற்றுக்கொண்டார்கள். அது பெரிய சாதனை. ஆனால் பஞ்சமோ போரோ வந்து, ஊறவைக்க நாளில்லாமல் அவசரமாகச் சமைக்கும்போது கொன்சோ என்ற முடக்கம் வருகிறது. கால்கள் இரண்டும் விறைத்துவிடும், பிறகு சரியாவதில்லை. 1981 வறட்சியில் மொசாம்பிக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், அப்படி முடங்கினார்கள்.

உருளைக்கிழங்கின் கதை வேறு மாதிரி. 1700 முதல் 1900 வரை ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்காவில் ஏற்பட்ட மக்கள்தொகைப் பெருக்கத்தில் ஏறத்தாழ கால் பங்குக்கு உருளைக்கிழங்கே காரணம் என்று பொருளியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு நன்மை. ஆனால் ஆண்டீஸ் விவசாயி ஒரே வயலில் பல வகைகளைக் கலந்து நடுவார். ஒன்றை நோய் தின்றாலும் பத்து நிற்கும். ஐரோப்பாவுக்கு வந்தவை சில வகைகளே. அயர்லாந்தின் ஏழைகள் நட்டது பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே வகை. 1845இல் கருகல் நோய் வந்தபோது நாடு முழுக்க ஒரே செடிதான் அழுகியது. சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதற்குக் குறையாதவர்கள் கப்பலேறினார்கள். தானியம் அப்போதும் ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செடியை மட்டும் குற்றம் சாட்டினால் நில உடைமையாளர்களும் அரசும் தப்பிவிடுவார்கள்.

விலங்குகள் என்ன செய்தன?

குதிரை கண்டிப்பாகச் சொல்லவேண்டியது. வட அமெரிக்காவில் தோன்றிய விலங்கு அது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே அழிந்துபோய், ஸ்பானியக் கப்பலில் தாய்மண்ணுக்குத் திரும்பியது. 2023இல் வந்த ஆய்வு, 17ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே சமவெளிப் பூர்வகுடிகள் குதிரைகளை வளர்த்துப் பராமரித்ததை எலும்புகளைக் கொண்டு காட்டியது. ஐரோப்பியர்கள் அங்கே குடியேறுவதற்கு முன்பே குதிரை போய்விட்டது. கொமாஞ்சே மக்கள் குதிரை முதுகில் ஒரு பெரும் அரசியல் சக்தியானார்கள். அந்நியத்திலிருந்து வந்த ஒன்றைத் தமதாக்கிக்கொண்டவர்களும் இந்த வரலாற்றில் உண்டு.

பன்றி வேறு ரகம். ஸ்பானியத் தளபதி எர்னாந்தோ த சோத்தோ 1539இல் 13 பன்றிகளோடு ஃபுளோரிடாவில் இறங்கினார். 1542இல் அவர் இறந்தபோது கூட்டத்தில் 700 இருந்தன. காட்டுக்குள் ஓடியவை தனி. மெக்சிகோவின் மெஸ்கித்தால் பள்ளத்தாக்கில் ஓத்தோமி மக்கள் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்த வயல்கள் இருந்தன. செம்மறிகள் வந்து, மந்தை பெருகி, புல்லையும் வரப்பையும் தின்றுமிதித்ததில் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அது முட்புதர் நிலமாயிற்று. பிறகு வந்து பார்த்தவர்கள் இது இயல்பாகவே வறண்ட பூமி என்று எழுதினார்கள்.

மண்புழுவைப் பற்றிச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பனியுகத்தில் பனிப்பாறை மூடிய வட அமெரிக்கப் பகுதிகளில் மண்புழுவே இல்லாமல் இருந்தது. கப்பலின் பாரமண்ணிலும் செடிகளின் வேர்மண்ணிலும் ஐரோப்பியப் புழுக்கள் வந்தன. காட்டுத்தரையில் அடுக்கடுக்காகக் கிடந்த சருகை அவை தின்றுவிட, அதில் முளைக்கும் செடிகளும் அதை நம்பியிருந்த உயிர்களும் குறைந்தன. வயலுக்கு நண்பனான புழு அந்தக் காட்டுக்கு நண்பனாகவில்லை.

ஆப்பிரிக்கர்களின் பங்கு உழைப்பு மட்டும்தானா?

இல்லவே இல்லை. சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அட்லாண்டிக் கப்பல்களில் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். கரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். மீதி 18 லட்சம் பேர் கடலில் மடிந்தார்கள். அப்படி வந்தவர்களில் நெல் விவசாயிகள் இருந்தார்கள், மாடு மேய்ப்பவர்கள் இருந்தார்கள், இரும்பு உருக்குபவர்கள் இருந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் தனியாகப் பண்படுத்தப்பட்ட நெல் வகை ஒன்று உண்டு. தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுக்குள் சுதந்திரமாக வாழ்ந்த மரூன்களின் வழித்தோன்றல்கள் சுரிநாமில் இன்றும் அந்த நெல்லைப் பயிரிடுகிறார்கள். எங்கள் மூதாய் தலைமுடிப் பின்னலுக்குள் நெல்மணிகளை ஒளித்துக் கொண்டுவந்தாள் என்று அவர்கள் சொல்கிறார்கள். சில நெல் வகைகளுக்கு அந்தப் பெண்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள். விதையும் அதை விளைவிக்கும் அறிவும் ஒருவரிடமே சேர்ந்து கடல் கடந்த இடம் இது. பெயரையும் மறக்கவில்லை.

அடிமைக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில், மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் வந்தது. கரும்புத் தோட்டங்கள் அதற்கு வாழிடம் தந்தன. 1647இல் பார்படோஸிலும் 1648இல் யுகத்தானிலும் மஞ்சள் காய்ச்சல் வெடித்தது. பிற்பாடு அந்தக் கொசு பேரரசுகளுக்கே எதிராகத் திரும்பியது. ஹைதியில் அடிமைகளின் புரட்சியை நசுக்க 1801 டிசம்பரில் நெப்போலியன் அனுப்பிய படையில் பெரும்பகுதி மஞ்சள் காய்ச்சலில் மாண்டது. தளபதி லெக்லெர்க்கும் மாண்டார். 1804 ஜனவரி 1 அன்று ஹைதி விடுதலையை அறிவித்தது. வெற்றியைக் கொசுவுக்குத் தந்துவிடக் கூடாது. மழைக்காலம் வரை போரை இழுத்தால் வந்தவர்கள் படுத்துவிடுவார்கள் என்று தெரிந்து போரிட்டவர்கள் மனிதர்கள்.

வெள்ளி ஏன் இவ்வளவு முக்கியம்?

இன்றைய பொலிவியாவில், கடல் மட்டத்துக்கு 4,000 மீட்டர் உயரத்தில் பொத்தோசி இருக்கிறது. 1545இல் அங்கே வெள்ளி கிடைத்தது. 1570களில் ஸ்பானிய வைஸ்ராய் தொலேதோ, மீத்தா என்ற இன்காக்களின் முறைவேலை வழக்கத்தைக் கட்டாய உழைப்பாகத் திருப்பினார். ஊர்கள் ஆண்களை அனுப்பியாக வேண்டும். வெள்ளியைப் பிரிக்கப் பெருவின் வான்காவெலிகாச் சுரங்கத்திலிருந்து பாதரசம் வந்தது. தூளாக்கிய தாதுவையும் பாதரசத்தையும் தொழிலாளிகள் காலால் மிதித்துக் கலந்தார்கள். அந்தச் சுரங்கங்களின் உலோகத் தூசு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெருவின் கெல்காயா பனிமுடியில் அடுக்காகப் படிந்து இன்றும் இருக்கிறது.

அந்த வெள்ளி கிழக்கே ஐரோப்பாவுக்கும் மேற்கே ஆசியாவுக்கும் என இரு திசையிலும் போனது. 1565இல் உர்தானேத்தா என்ற ஸ்பானிய மாலுமி ஆசியாவிலிருந்து பசிபிக்கில் திரும்பும் கடல்வழியைக் கண்டார். 1571இல் மணிலா ஸ்பானிய நகரமானது. மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து வெள்ளி மணிலாவுக்கு, அங்கிருந்து சீனாவுக்கு. பட்டும் பீங்கானும் எதிர்த்திசையில். மிங் அரசு வரியை வெள்ளியில் வாங்கத் தொடங்கியிருந்ததால் அங்கே அதற்குத் தீராத தேவை இருந்தது. அதே வழியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் 1590களில் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலிருந்து சீனாவின் ஃபூஜியனுக்குப் போய், மணற்பாங்கான கரையோரத்தில் பசியாற்றியது. மக்காச்சோளம் மலைச்சரிவுகளுக்கு ஏறியது; காடு வெட்டப்பட்ட அந்தச் சரிவுகளின் மண் பிறகு மழையில் கரைந்து ஆற்றுக்கு வந்தது.

"கொலம்பியப் பரிமாற்றம்" என்ற சொல் சரியானதா?

1492க்குப் பின் கண்டங்களுக்கு இடையே பயிரும் விலங்கும் கிருமியும் இடம்மாறியதற்கு வரலாற்றாசிரியர் ஆல்ஃபிரட் கிராஸ்பி 1972இல் தந்த பெயர் அது. தாவரமும் கிருமியும் வரலாற்றை நடத்துகின்றன என்று எல்லோரையும் பார்க்கவைத்தவர் என்ற நன்றி எனக்கு உண்டு. ஆனால் பரிமாற்றம் என்றால் கொடுப்பவர் மனமுவந்து கொடுக்க வேண்டும். கசப்பு மரவள்ளியையும் குதிரையையும் ஒரே தராசின் இரு தட்டில் வைத்து, கணக்கு நேராகிவிட்டது என்று காட்டும் பாடநூல் அட்டவணைகளை நான் ஏற்பதில்லை.

அந்தப் பழைய அறிவு இன்று மிச்சமிருக்கிறதா?

இருக்கிறது. பெருவின் கூஸ்கோவுக்கு அருகே பிசாக் மலைகளில் கெச்சுவா ஊர்கள் சில சேர்ந்து "உருளைக்கிழங்குப் பூங்கா" என்று ஒரு நிலப்பரப்பைக் காத்துவருகின்றன. 2004இல் லிமாவில் உள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையத்துடன் அவர்கள் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அறிவியலாளர்கள் முன்பு திரட்டிச் சேமித்திருந்த வகைகளில் 400க்கும் மேற்பட்டவை அதன்படி அந்த வயல்களுக்கே திரும்பின. ஊதா, சிவப்பு, கறுப்பு, முண்டும் முடிச்சுமாக ஒன்று, பாம்புபோல் நெளிந்து ஒன்று. ஒரு வகையின் தோலைச் சீவுவது அவ்வளவு கடினம். மருமகளை அழவைக்கும் கிழங்கு என்று அதற்குப் பெயர், மாமியார் அதைக் கொடுத்துத்தான் புதுமணப்பெண்ணின் கைத்திறனைச் சோதிப்பாராம்.

பூமி சூடேறுவதால் தாழ்ந்த சரிவுகளில் நோயும் பூச்சியும் கூடிவிட்டன. எந்த வகை எந்த உயரத்தில் நிற்கும் என்று ஆண்டுக்கு ஆண்டு நட்டுப் பார்த்து, அவர்கள் நடவை மலையின் மேலே மேலே கொண்டு போய்க்கொண்டிருக்கிறார்கள். முடி வரை இன்னும் கொஞ்ச தூரம்தான் இருக்கிறது.